படகு இழுக்க ஒரு வண்டி

படகு இழுக்க வண்டி பாக்கணும்னா எல்லாவனும் மொதல்ல டயரத்தான் பாப்பான் அண்ணாச்சி. நான் டயரப் பாக்க மாட்டேன். டயரு இன்னைக்குப் போச்சுன்னா நாளைக்கு மாத்திக்கிடலாம். நான் நேரா டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்து, இஞ்சினப் போட்டு, கியரு கம்பியில கைய வச்சிக்கிட்டு கண்ண மூடிருவேன். நல்ல வண்டின்னா கையிலயே தெரிஞ்சிரும். பொய் சொல்லுத வண்டின்னா அதுவும் தெரிஞ்சிரும்.

முப்பத்தொரு வருசம் அண்ணாச்சி. தூத்துக்குடி துறைமுகத்துல டிரெய்லர் ஓட்டுனவன் இந்த கஸ்பார். மொதல்ல நிலக்கரி, அப்புறம் கன்டெய்னர் பெட்டி, கடைசி பத்தொம்பது வருசம் காத்தாடி இறக்கை. காத்தாலைக்குப் போடுத இறக்கை இருக்குல்லா, அது ஒண்ணு நூத்தி நாப்பது அடி. கப்பல்ல இருந்து இறக்கி, கயத்தாறுக்கும் முப்பந்தலுக்கும் கொண்டு போவேன். முன்னால ஒரு ஜீப்பு, பின்னால ஒரு ஜீப்பு, நடுவுல நான். ஒரு வளைவு திரும்ப அரைமணி நேரம் ஆகும். கடைக்காரன், பஸ்ஸுக்கு நிக்கிறவன் எல்லாம் வேலைய விட்டுட்டுப் பாப்பான். அப்பிடி ஓட்டுனவங்கிட்டதான் இப்ப வந்து கேக்கிய, எந்த வண்டி நல்லதுன்னு. சொல்லுதேன். சொல்லாம என்ன. ஆனா ஒரு விசயத்தச் சொன்னாத்தான் மத்தது வெளங்கும். உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லல்லா?

போன வருசம் எங்க தங்கச்சி மாப்ள ஒரு படகு வாங்குனான். தொபியாஸ்னு பேரு. எங்க தங்கச்சி தெக்லாவுக்கு வீட்டுக்காரன். இதே ஊருதான், கோயிலுக்குப் பின்னால மூணாவது தெரு. ஆளு நல்ல தொழில்காரன், அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருபத்தஞ்சு வருசம் அடுத்தவன் படகுல வலை இழுத்து, பொறவு ஒரு சின்ன படகு வச்சு, அதையும் குடுத்துட்டு, கடைசியில பெரிய படகா வாங்குனான். நாப்பத்தஞ்சு அடி. பைபர் படகு, எட்டு டன்னு. ஆனா வாங்குன எடம் எங்க தெரியுமா? மேக்குக் கடற்கரை. குளச்சலுக்கும் அந்தாண்ட.

இப்ப நீங்களும் கடல்காரவுக, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. சூன் மாசத்துல மேக்குக் கடல் எப்பிடி நிக்கும். அந்த நேரத்துல குமரிமுனையச் சுத்திப் படகக் கொண்டு வாரேன்னு சொன்னா, அவன் பொண்டாட்டி வாசல்ல படுத்து மறிப்பா. அதனால ரோட்டு வழியாத்தான் கொண்டு வரணும். நம்ம பக்கம் மீன்பிடி தடைக்காலம் முடியுத நாளு சூன் பதினாலு. பதினஞ்சு காலையில ஊர்ல உள்ள படகு பூராவும் கடலுக்குப் போவும். அன்னைக்குத் தண்ணியில நிக்காத படகுக்கு ஆளு கெடைக்காது. ஏழு பேரு தொபியாஸ் படகுக்கு வாரேன்னு வாக்குக் குடுத்திருந்தாவ. அவிய எத்தனை நாளு காத்துக் கெடப்பாவ? அறுவது நாளா அடுப்பு சரியா எரியாத வீடு. படகு இல்லன்னா அடுத்த படகுல ஏறிருவாவ. ஏறிட்டா அந்த வருசம் முழுக்க அந்தப் படகுதான். இதுதான் கரை வழக்கம்.

மே மாசக் கடைசியில ஒருநாள் சாயங்காலம் தொபியாஸும் தெக்லாவும் வந்தாவ. இதே எடத்துலதான் உக்காந்தாவ. எங்க வீட்டுக்காரி பெர்னத்து செத்து அப்ப எட்டு மாசம். வீடு இருந்த இருப்புக்கு அவியள உக்காரச் சொல்லவே எனக்கு வெக்கமா இருந்திச்சு. தெக்லா எந்திரிச்சு, கெடந்த தட்டையெல்லாம் எடுத்துக் கழுவப் போயிட்டா. தொபியாஸ் மெள்ள ஆரம்பிச்சான். மச்சான், படகு இழுக்க வண்டி பாக்கணும், எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும், நீங்கதான் பாத்துத் தரணும்னான்.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. வேலைய விட்டு மூணு வருசம். கண்ணு கொஞ்சம் மங்கல், சக்கர வியாதி, வேற ஒண்ணும் இல்ல. அந்த மூணு வருசத்துல ஒருத்தன் எங்கிட்ட வந்து, கஸ்பாரு அண்ணாச்சி, இந்த வண்டி எப்பிடின்னு கேட்டதில்ல. மாப்ள கேட்டான். நான் ஒடனே சம்மதிக்கல, யோசிச்சுச் சொல்லுதேன்னேன். மறுநாள் காலையில ஆறு மணிக்கெல்லாம் சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டைய மாட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

அங்க குளச்சல் பக்கம் படகு இழுக்கதுக்குன்னே ஒருத்தன் உண்டு. ஏசுவடியான்னு பேரு. டிராக்டரு வச்சிருக்கான். ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல படகத் தொட்டில் மாதிரி தொங்கப் போட்டு, தரையில இருந்து ஒரு மொழம்தான் ஒசரம் இருக்கும், கடலோர ரோட்டு வழியா நடந்து போற வேகத்துல கொண்டு வருவான். மூணு நாளாகும். தொபியாஸ் அவன் பேரையும் சொன்னான். நான் சிரிச்சிட்டேன் அண்ணாச்சி. எங்க தங்கச்சி படகு டிராக்டர்ல வாரதா? வயலுக்கு உரமா கொண்டு போறோம்? ஊர்க்காரன் என்ன சொல்லுவான்? கஸ்பாரு இருந்தும் டிராக்டர்ல வந்திச்சுன்னு சொல்லுவான். மாப்ள அதுக்குப் பொறவு அவன் பேர எடுக்கல.

பன்னெண்டு நாளு வண்டி பாத்தேன். சும்மா இல்ல. மொதல்ல ஒரு நிலக்கரி டிரெய்லர். வண்டி பரவாயில்ல, ஆனா அதோட ஓனர் போன்ல பேசிக்கிட்டே எங்கிட்டப் பேசுனான், உக்காருங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. அப்பிடிப்பட்டவன் வண்டிய எப்பிடி வச்சிருப்பான்? வேண்டாம்னுட்டேன். ரெண்டாவது புத்தம்புது வண்டி. உள்ள பூரா கம்ப்யூட்டரு. அந்த டிரைவர் என்னய, பெருசு, கொஞ்சம் ஓரமா நில்லுங்கன்னான். அதுவும் வேண்டாம். மூணாவது ஒரு தாழ்ந்த வண்டி, தட்டு தரையோட தரையா இருக்கும். புல்டோசர் ஏத்திட்டுப் போவாவ பாத்திருப்பிய. டிரைவர் தங்கமான மனுசன். எனக்கு டீ வாங்கிக் குடுத்தான். அண்ணாச்சி, படகுக்கு இதுதான் சரின்னான். எனக்கு மனசு ஒப்பல. அதுல ஏத்துனா படகு ஊந்து போற மாதிரி இருக்கும். எங்க ஊருக்குள்ள அது தலைய நிமித்திக்கிட்டு வரணும். பனை ஒசரத்துக்கு வரணும். மாடியில நிக்கவன் அண்ணாந்து பாக்கணும். அப்பிடித்தான நான் இறக்கைய கொண்டு போவேன்.

தினமும் சாயங்காலம் தொபியாஸ் போன் பண்ணுவான். மச்சான், ஆச்சான்னு கேப்பான். அவசரப்படாத மாப்ளன்னு சொல்லுவேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டான். காலையில தெக்லா இட்லி கட்டிக் குடுத்து விடுவா. ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி, அந்தப் பன்னெண்டு நாளும் நான் நல்லாச் சாப்பிட்டேன். நல்லா ஒறங்குனேன். பெர்னத்து போனதுக்குப் பொறவு அப்பத்தான். அது வண்டி பாத்ததுனாலன்னு நான் சொல்ல வரல. அலைச்சல், பசி எடுத்திச்சு.

பன்னெண்டாவது நாளு துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு பழைய வண்டி யார்டுக்குப் போனேன். உள்ள நொழையும்போதே பாத்துட்டேன். நம்பரு நாப்பத்துநாலு பத்தொம்பது. நான் ஓட்டுன வண்டி. பத்தொம்பது வருசம் நான் ஓட்டுன அதே வண்டி, அண்ணாச்சி. கம்பெனி வித்துருக்கான், எவனோ வாங்கி அங்க கொண்டு போட்டிருக்கான். பெயிண்டு போயி, ஒரு பக்கம் கண்ணாடி ஒடஞ்சு நிக்கி. ஏறி உக்காந்தேன். சீட்டுல எனக்குன்னு ஒரு பள்ளம் விழுந்திருந்திச்சு, அது அப்பிடியே இருக்கு. நான் அழுதேன்னு வச்சிக்கிடுங்க. அதுல என்ன தப்பு.

ஆனா அதுக்காக அந்த வண்டிய எடுக்கல. அத நல்லா வெளங்கிக்கிடுங்க. கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன். இறக்கை பத்து டன்னு, படகு எட்டு டன்னு. இறக்கை நூத்தி நாப்பது அடி, படகு நாப்பத்தஞ்சு. பத்த இழுத்தது எட்ட இழுக்காதா? நூத்தி நாப்பத வளைச்சது நாப்பத்தஞ்ச வளைக்காதா? எந்த இன்சினியரு வந்தாலும் இதுல குத்தம் சொல்ல முடியாது. கிளச்சு மட்டும் கொஞ்சம் தேஞ்சிருந்திச்சு. ரெண்டு நாளு பட்டறையில போட்டு சரி பண்ணுனோம். ஒரு டிரைவரையும் பிடிச்சோம். சூன் பதினொண்ணு காலையில குளச்சல் பக்கம் போயி, கிரேன் வச்சுப் படக ஏத்துனோம்.

ஏத்தி நிறுத்துனதும் பாக்கணுமே. தட்டே நாலரை அடி ஒசரம், அதுக்கு மேல கட்டை, கட்டைக்கு மேல படகு. படகோட முன்மூக்கு, அணியம்னு சொல்லுவோம்லா, அது கரண்டு கம்பிய மோதுத மாதிரி நிமிந்து நிக்கி. ஏசுவடியான் டிராக்டர நிறுத்திட்டு வந்து பாத்தான். சுத்திச் சுத்தி வந்தான். காத்துல போகுமான்னு மட்டும் கேட்டான். முப்பந்தல் காத்துல வளந்தவன் நான், எனக்கு இவன் காத்தப் பத்திச் சொல்லுதான்.

மறுநாள் விடிய எடுத்தோம். டிரைவரும் நானும் வண்டியில. தொபியாஸ் பின்னால மோட்டார் சைக்கிள்ல வந்தான். நாகர்கோயில் தாண்டுத வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. ஆரல்வாய்மொழி கணவாய்க்குள்ள நொழஞ்சோம் பாருங்க, காத்து பிடிச்சிச்சு. சூன் மாசக் காத்து. அங்க காத்தாடி எல்லாம் எதுக்கு நட்டுருக்கான், அந்தக் காத்துக்குத்தான். நான் அந்தக் கணவாய முந்நூறு தடவை தாண்டுனவன். முந்நூறு தடவை. ஆனா சூன், சூலை, ஆகஸ்டுல இறக்கை கொண்டு போக மாட்டோம். காத்து சீசன் முடிஞ்சுதான் ஏத்துவோம். அது வேற விசயம்.

இறக்கைன்னா கத்தி மாதிரி, காத்து ரெண்டு பக்கமும் வழுக்கிட்டுப் போயிரும். படகு அப்பிடி இல்ல. பெரிய வயிறு. காத்து அடியில போயி முட்டித் தூக்குது. வண்டி இந்தாண்ட போனா படகு அந்தாண்ட போகுது. டிரைவர் ஓரங்கட்டி நிறுத்திட்டான். அண்ணாச்சி, இனிமே நகத்த மாட்டேன், நாளைக்கு விடியக்காலம் காத்து அடங்கும், ஒரு மணி நேரம் கெடச்சாப் போதும், தாண்டிரலாம்னு சொன்னான். தொபியாஸும் அதுதான் சரின்னான். பன்னெண்டாந் தேதிதான மச்சான், பதிமூணு காலையில எடுத்தாலும் மத்தியானத்துக்குள்ள ஊருக்குப் போயிரலாம்னான்.

எனக்குச் சிரிப்பா வந்திச்சு. காத்துக்குப் பயந்து கஸ்பாரு ரோட்டோரத்துல படுத்தான்னு பேரு வாங்கணுமா?

நடந்தது இதுதான் அண்ணாச்சி. காத்து அடிச்சுது, கிளச்சு போச்சு, வண்டி அங்கேயே நின்னுட்டுது. காத்து அடிச்சா நான் என்ன பண்ணுவேன்? ஆண்டவர் அனுப்புத காத்து. படகு கட்டைய விட்டு ஒரு அடி நகந்து, ஒரு கயிறு அறுந்து, சாஞ்சு நின்னுது. அந்த வண்டிக்கு கிளச்சு சாமான் இப்ப வாரதில்லையாம். நாமக்கல்லுல கேட்டோம், மதுரையில கேட்டோம். வேற வண்டிய மாட்டி இழுத்தா என்னன்னு நீங்க கேப்பிய. கேட்டோமே. வந்து பாத்தவன் எல்லாம் படக அண்ணாந்து பாத்துட்டு, காத்து நிக்கட்டும்னு போயிட்டான். ஏசுவடியானுக்குப் போன் போட்டா அவன் வேற படகு கொண்டுட்டுப் போயிருக்கான், பதினேழாந் தேதிதான் வர முடியும்னுட்டான்.

ஆறு நாளு அங்க கெடந்தோம். சுத்தியும் காத்தாடி, நடுவுல ஒரு படகு. பஸ்ல போறவன் எல்லாம் போட்டோ எடுக்கான். பதினாலாந் தேதி சாயங்காலம் தொபியாஸுக்குப் போன் வர ஆரம்பிச்சிச்சு. அந்த ஏழு பேரும். ஒருத்தன் பின்னால ஒருத்தன். நான் வண்டியில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். அவன் ஒவ்வொருத்தங்கிட்டயும் ஒரே மாதிரிதான் சொன்னான். ஒண்ணும் இல்லடா, ஏறிப் போ, பிள்ளைகளப் பாக்கணும்லான்னான். ஏழு தடவ சொன்னான். கடைசிப் போன் வச்சதும் படகுகிட்டப் போயி, அந்த அறுந்த கயித்துல முடிச்சுப் போட்டுக்கிட்டு நின்னான். இனிமே எதுக்கு முடிச்சு?

என்னய ஒரு வார்த்தை கேக்கல அண்ணாச்சி. வந்து சட்டையப் பிடிச்சிருந்தாக் கூட எனக்கு நல்லா இருந்திருக்கும். ராத்திரிக்கு ரெண்டு புரோட்டா வாங்கிட்டு வந்து, மச்சான், சுகர் மாத்திரை போட்டாச்சான்னு கேட்டான். அந்தக் கோவம் எனக்கு இன்னும் அடங்கல.

இருபதாந் தேதி ஏசுவடியான் டிராக்டர்லதான் படகு ஊருக்கு வந்திச்சு. ஒரு ஆளு வாசல்ல இல்ல, எல்லாரும் கடல்ல. மணல்ல கொண்டு நிறுத்துனாவ. ஆளு கெடைக்கல. தொபியாஸ் என்ன செஞ்சான் தெரியுமா? மறு வாரமே அடுத்தவன் படகுல வலை இழுக்கப் போயிட்டான். சொந்தமா நாப்பத்தஞ்சு அடி படகு வச்சிருக்கவன், காலையில அந்தப் படக ஒட்டித்தான் நடந்து போவான், திரும்பிக் கூடப் பாக்க மாட்டான். நான் இந்த வாசல்ல இருந்து பாப்பேன்.

நான் விளக்கம் சொல்லலாம்னு தெக்லா வீட்டுக்குப் போனேன். டன்னு, அடி, காத்து எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கொண்டு போனேன். அவ அரிசி பொடச்சிக்கிட்டே கேட்டா. நான் முடிச்சதும் சொளகக் கீழ வச்சா.

"அண்ணன், தப்பு உங்க மேல இல்ல, என் மேலதான். எங்க வீட்டுக்காரவுக ஏசுவடியான்கிட்ட மே மாசமே சொல்லி வச்சிட்டாவ. நான்தான் கெஞ்சுனேன். மதினி போனதுல இருந்து எங்க அண்ணன் கட்டில விட்டு எந்திரிக்கல, வண்டி பாத்துத் தரச் சொல்லுங்க, ஒரு வேலைன்னு இருந்தா எந்திரிச்சு நடப்பாவன்னேன். அவிய சரின்னாவ."

கேட்டியளா? எனக்கு வேலை குடுத்தாவளாம். முப்பத்தொரு வருசம் டிரெய்லர் ஓட்டுனவன நம்பி வண்டி பாக்கச் சொல்லல. நோயாளிக்கு நடை பழக்குத மாதிரி நடக்க விட்டிருக்காவ. நான் அப்பிடியே எந்திரிச்சு வந்துட்டேன். அந்தத் தாள் அங்கேயே கெடந்திச்சு. அன்னைக்கு அடச்ச கதவுதான். பதினொரு மாசம் ஆச்சு. அவிய என்னய ஒதுக்கிட்டாவ அண்ணாச்சி. கூடப் பொறந்தவளே ஒதுக்கிட்டா.

வரலன்னு சொல்ல முடியாது. வந்தாவ. தெக்லா வாரா வாரம் கொழம்பு கொண்டு வந்து வாசல்ல வச்சிட்டுப் போவா. அக்டோபர்ல எப்பிடியோ நாலு பேரு கெடச்சு, படக இறக்கப் போறேன்னு தொபியாஸ் வந்து கூப்பிட்டான். மூணு தடவ வந்தான். மூணு தடவயும் நான் உள்ளதான் இருந்தேன். மூணாவது தடவ ரொம்ப நேரம் வாசல்லயே நின்னான், கால் ரெண்டும் கதவுக்குக் கீழ தெரிஞ்சுது. நான் தொறக்கல.

நீங்க ஏன்னு கேக்கல. கேக்காதிய, நானே சொல்லிருதேன். இத்தன நாளும் யாருகிட்டயும் சொல்லல, நீங்க அசலூரு.

அந்தக் கணவாயில டிரைவர் நிறுத்துனான்ல. நகத்த மாட்டேன்னான்ல. நான் அவன எறங்கச் சொல்லிட்டு நான் ஏறுனேன். ரெண்டு கிலோமீட்டர்தான். ரெண்டு கூட இருக்காது. லைசென்ஸ் முடிஞ்சு மூணு வருசம். கண்ணு கொஞ்சம் மங்கல். ஏத்தத்துல காத்து படகத் தள்ளவும் எனக்குக் கால் நடுங்கிட்டு. கிளச்ச முழுசா விடவும் முடியல, மிதிக்கவும் முடியல. பாதியிலயே வச்சிருந்தேன். கருகுத வாசம் வந்திச்சு. பழகுனவனுக்கு அந்த வாசம் வந்த ஒடனே தெரியணும். தெரிஞ்சுது. ஆனாலும் காலை எடுக்கல. எடுத்தா வண்டி பின்னால உருளும், பின்னால மோட்டார் சைக்கிள்ல அவன் வாரான்.

வண்டி நின்னதும் தொபியாஸ்தான் ஓடி வந்து கதவத் தொறந்தான். என்னயப் பாத்தான். கையப் பிடிச்சு எறக்கி, டிரைவர ஏறி உக்காரச் சொன்னான். போலீஸ் வந்து கேட்டப்ப, வண்டி பழசு சார், கிளச்சு போச்சுன்னான். ஊர்ல கேட்டவங்கிட்டயும் அதேதான். தெக்லாகிட்டயும் அதேதான். அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவ தப்பு என் மேலதான்னு என் மொகத்தப் பாத்துச் சொல்லுதா, நான் கையில தாளோட நிக்கேன். அப்பவாவது சொல்லியிருக்கணும். கோவம் வந்த மாதிரி எந்திரிச்சு வந்துட்டேன்.

அவன் மொகத்த எப்பிடிப் பாப்பேன், சொல்லுங்க. கதவத் தொறந்தா அவன் மறுபடியும் மாத்திரை போட்டாச்சான்னுதான் கேப்பான்.

சரி, விடுங்க. பேசிக்கிட்டே இருந்துட்டேன், ஒரு வாய் தண்ணி கூடக் குடுக்கல. ஒண்ணு கேக்க மறந்துட்டேன் பாருங்க. வேம்பார்ல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிய. வண்டி பாக்க என்னயத் தேடி வரச் சொல்லி உங்ககிட்ட யாரு சொன்னா? வேம்பார்ல எனக்கு ஆளு பழக்கம் கெடையாதே.

மீன் ஏலக்கூடத்துலயா? யாரு? வலது புருவத்துல தழும்பு உள்ள ஆளா? நெட்டையா, கொஞ்சம் கூனுன மாதிரி?

என்ன சொன்னான்? இல்ல, அவன் சொன்னத அப்பிடியே சொல்லுங்க.

எங்க மச்சான் ஒருத்தர் இருக்காவ, அவுகளக் கேக்காம வண்டி எடுக்காதியன்னா? அப்பிடியா சொன்னான்? காலையில எட்டு மணிக்கு மேல போங்க, மாத்திரை போட்டுச் சாப்பிட்டிருப்பாவன்னுமா சொன்னான்?

மறுபடியும் எனக்கு ஒரு வேலை குடுத்து அனுப்பியிருக்கான்.

இருங்க. ஒண்ணும் இல்ல, கண்ணுல சொட்டு மருந்து விடணும், பொறவு விட்டுக்கிடுதேன். நீங்க எந்திரிக்காதிய. உக்காருங்க.

படகு எத்தனை அடி, எத்தனை டன்னு, அதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம் அண்ணாச்சி. என்னைக்கு உங்க படகு தண்ணியில நிக்கணும்? உங்கள நம்பி எத்தனை பேரு காத்திருக்காவ? அத மொதல்ல சொல்லுங்க.